பெட்டி ஓடுதா?

நவம்பர் 3, திங்கள்

சர்க்கரை: பார்க்கவில்லை.

இந்த டைரி நூல் மில்காரர்கள் எங்கள் பனியன் கம்பெனிக்குக் கொடுத்தது. ஜனவரியில் கைக்கு வந்தது. இத்தனை நாளும் இதற்குள் ஒரு கேஸ் ரசீதும் பழநியில் வாங்கிய ஒரு மயிலிறகும்தான் குடியிருந்தன. போன வாரம் டாக்டரம்மா, "துளசிமணி, தினமும் சர்க்கரை பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். சர்க்கரையை எழுதினால் அரை வரியில் முடிந்துபோகும். ஒரு முழுப் பக்கம் சும்மா கிடப்பது எனக்குப் பொறுக்காது. அதனால் மற்றதையும் எழுதுகிறேன்.

மற்றது என்றால் இன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பெட்டிதான்.

பக்கத்து வீடு என்றால் வேற்றாள் வீடு இல்லை. ஒரே வீட்டை நடுவில் ஒரு சுவர் வைத்து இரண்டாக்கியிருக்கிறோம். இந்தப் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும். அந்தப் பக்கம் அவருடைய அண்ணன் சம்சாரம் மரகதக்கா. அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அக்கா தனியாக இருக்கிறார்.

தனியாகவா? இல்லை. பெட்டியோடு இருக்கிறார்.

என் மகன் மூர்த்தி பின்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை. ஆவணியில் லீவுக்கு வந்தபோது ஒரு கம்ப்யூட்டர் பெட்டியை அக்கா அறையில் டிவிக்குப் பக்கத்தில் வைத்து மாட்டிவிட்டுப் போனான். அங்கே அவன் எடுக்கிற போட்டோவெல்லாம் தானாக இதற்குள் வந்து சேரும். ரிமோட்டை அமுக்கினால் டிவியில் பார்க்கலாம். பெட்டி எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெற்றது நான். பெட்டி அங்கே. ஏன் என்று கேட்டால், அந்த அறையில் சுவிட்ச் போர்டு வசதியான இடத்தில் இருக்கிறதாம். என் வீட்டில் என்ன, விளக்கெண்ணெயிலா டிவி ஓடுகிறது?

சரி, போகட்டும் என்றால் அது போடுகிற சத்தம் இருக்கிறதே! ஊறாத உளுந்தை கிரைண்டரில் போட்ட மாதிரி சுவர் தாண்டி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்ணை மூட முடியவில்லை. பெட்டிக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கிற அக்கா மட்டும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. மகாராணிக்கு அது தாலாட்டுப் போலிருக்கிறது.

மருமகள் கீர்த்தனாவுக்கு நிறைமாதம். கார்த்திகையில் தேதி சொல்லியிருக்கிறார்கள். குழந்தை பிறந்ததும் முதல் போட்டோ அந்தப் பெட்டியில்தான் விழும். அதாவது என் பேரப்பிள்ளையின் முகத்தை உலகத்தில் இந்தப் பக்கம் முதலில் பார்க்கப் போவது மரகதக்கா. நான் கம்பெனி விட்டு வந்து, செருப்பைக் கழற்றி, கதவைத் தட்டி, "பார்க்கலாமுங்களா" என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

போனில் அனுப்ப மாட்டார்களாம். கீர்த்தனாவின் சட்டம். ஏன் அப்படி என்பதை எழுத இந்தப் பக்கத்தில் இடம் இல்லை.

நவம்பர் 5, புதன்

சர்க்கரை: மெஷினில் பேட்டரி இல்லை.

சாயங்காலம் மூர்த்தி போன் பண்ணினான். வாசலில் நின்று பேசினேன். அவனைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் எந்த விஷயத்தையும் ஆரம்பிப்பேன். கட்டிங் மாஸ்டர் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு மேசைக்கு அடியில் தேடின கதையைச் சொன்னேன். நன்றாகச் சிரித்தான். அப்புறம் குரலை இறக்கினேன்.

"கண்ணு, உன்ற பெரீம்மா பாவம்டா. அந்தப் பெட்டி போடற சத்தத்துல தூக்கமே இல்ல. கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு. வாயைத் தொறந்து சொல்ல மாட்டாங்க, அவங்க கொணம் உனக்குத் தெரியாதா? பேசாம பெட்டியை இக்கட்டால நம்ம வீட்டுக்குக் கொண்டாந்தரட்டுமா? நான் எந்தச் சத்தத்தையும் தாங்கிக்குவேன். கம்பெனில இருவத்தஞ்சு மெஷினுக்கு நடுவுல நிக்கறவ."

"ஐயோ, பெரீம்மா எங்கிட்டச் சொல்லவே இல்லியே!"

"அதான் நான் சொல்றேனல்லோ."

அவன் யோசித்தான். பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தேன்.

"பெட்டியை மாத்த வேண்டாம்மா. உள்ள பவர் சப்ளைன்னு ஒரு டப்பா இருக்கு. வீட்டுக் கரண்டை வாங்கி, உள்ள இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் அளந்து பிரிச்சுக் குடுக்கறது அதுதான். அதோட ஃபேன் தான் கத்துது. பழசு, நம்மூர்ப் பஞ்சு வேற போய் அடைஞ்சிருக்கும். சத்தமில்லாததா புதுசு ஒண்ணு வாங்கி மாட்டிட்டாப் போதும். நீயே போய் வாங்கிரும்மா."

பெட்டியைக் கேட்டேன், டப்பா வாங்குகிற வேலை கிடைத்தது.

எப்படிப்பட்டதை வாங்க வேண்டும் என்று பத்து நிமிஷம் சொன்னான். பெட்டி தின்கிற கரண்டு ஒரு குண்டு பல்பு தின்கிற அளவுதானாம். அதனால் பெரிய வாட் வேண்டாம். ஆனால் மட்டமானதும் கூடாது. மட்டமானது வாங்குகிற கரண்டில் பாதியைச் சூடாக்கி வீணடிக்கும், சூடு ஏற ஏற ஃபேன் வேகமாகச் சுற்றும், சத்தம் வரும். கரண்டை வீணாக்காதது என்றால் சூடும் இல்லை, ஃபேனுக்கு வேலையும் இல்லை. "கம்மியாத் தின்னு, வேர்க்காம வேலை செய்யறதா வாங்கு" என்றான்.

"அப்படி ஒரு ஆம்பளையை முப்பது வருசமாத் தேடறேன்" என்றேன். உள்ளே என் வீட்டுக்காரர் இருமினார்.

நவம்பர் 6, வியாழன்

சர்க்கரை: நாளைக்கு.

அக்கா இன்றைக்கு ஆப்பம் சுட்டு, தேங்காய்ப்பாலோடு கொடுத்துவிட்டுப் போனார். நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

நவம்பர் 8, சனி

சர்க்கரை: பார்த்தேன். எழுத மாட்டேன்.

சம்பள நாள். கம்பெனி விட்டதும் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஜாபர் பாய் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் சாமான் கடை. மூர்த்தி பெட்டிக்கு வேண்டியதை அங்கேதான் வாங்கினான். பாய் என்னைப் பார்த்ததும், "வாங்கம்மா, பின்லாந்து மாமியார்" என்றார். அந்த மனுஷனும் என்னைப் போல வாயாடி.

மூர்த்தி சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். மூன்று டப்பாக்களை எடுத்து மேசையில் வைத்தார்.

முதலாவது கறுப்பு, உள்ளே கலர் கலராக விளக்கு எரிந்தது. தேர் மாதிரி இருந்தது. "இது வேணாம்மா. கல்யாண மண்டபத்து அண்டாவுல ஒரு டம்ளர் டீ போடற மாதிரி ஆயிரும். உங்க பெட்டிக்கு இத்தனை வாட் எதுக்கு?" என்று அவரே ஒதுக்கிவிட்டார்.

இரண்டாவது சாம்பல் நிறம். கையில் வாங்கினால் கனமாக இருந்தது. "இதுதான் உங்க பையன் சொன்னது. சூடு ஏறுனாத்தான் ஃபேன் சுத்தும். உங்க பெட்டி போடற வேலைக்கு அது சூடே ஏறாது. ஓடுதா இல்லையான்னே தெரியாது." மின்சாரம் கொடுத்துக் காட்டினார். ஃபேன் அசையவில்லை. என் சேலையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்து அதன் முன்னால் நீட்டினேன். பஞ்சும் அசையவில்லை.

மூன்றாவது நீலம். லேசாக, காலி தகர டப்பா மாதிரி இருந்தது. கரண்டு கொடுத்ததும் பின்னால் நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். பஞ்சு என் கையை விட்டுப் பறந்துபோய் பாயின் தாடியில் ஒட்டியது.

"இது யார் வாங்கறாங்க?" என்று கேட்டேன்.

"காது கேக்காத ஆபீஸ்காரங்க" என்றார் பாய். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார்.

மூன்றையும் நன்றாக யோசித்துப் பார்த்து நீலத்தை வாங்கினேன். காரணம், நிறம் நன்றாக இருந்தது.

"அம்மா, பையன் சொன்னது சாம்பல் கலரு."

"அவன் அங்க இருக்கான். கேக்கப் போறது நாங்கதானே. நாளைக்கு வந்து மாட்டிக் குடுங்க பாய்."

சத்தம் தாங்காமல் யாராவது ஒருத்தர், "இந்தச் சனியனை எடுத்துட்டுப் போ துளசி" என்று சொன்னால், நான் என்ன மாட்டேன் என்றா சொல்லப் போகிறேன்?

நவம்பர் 9, ஞாயிறு

பாய் வந்து பழைய டப்பாவைக் கழற்றினார். உள்ளே மெத்தைக்கு ஆகும் அளவு பஞ்சு. நீல டப்பாவை மாட்டி ஓட விட்டார். சாயப்பட்டறை மோட்டார் மாதிரி ஊளையிட்டது. எனக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. பாய் என்னைப் பார்த்தார், நான் காலண்டரைப் பார்த்தேன்.

அக்கா பெட்டியின் தலைமேல் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல் பார்ப்பது மாதிரி அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். முகம் மலர்ந்தது.

"இப்பத்தான் நல்லா ஓடுது துளசி. நீ வாங்குனா வாங்குனதுதான்."

இப்படி ஒரு நடிப்பை நான் பார்த்ததில்லை. பெட்டியை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதற்காக இந்த ஊளையைக்கூட நல்லது என்று சொல்கிறாரே! வெளியே வரும்போது, "மகாராணி, பெட்டியோடயே குடும்பம் நடத்துங்க" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னேன். காதில் விழாத மாதிரி சாமி விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். எப்போதும் இப்படித்தான். முகத்துக்கு நேரே சொன்னால் சிரிப்பார், பின்னால் சொன்னால் மதிக்கவே மாட்டார். கொழுப்பு.

நவம்பர் 12, புதன்

சர்க்கரை: கேட்காதீர்கள்.

மாட்டிக்கொண்டேன். மூர்த்தி இன்று அக்காவை வீடியோவில் கூப்பிட்டிருக்கிறான். அடுத்த நிமிஷம் எனக்குப் போன்.

"அம்மா, பெரீம்மா வீட்டுக்குள்ள ஏரோப்ளேன் எறங்குதா?"

"சாம்பல் கலரு ஸ்டாக் இல்லைன்னாங்க கண்ணு."

"பாய்கிட்டக் கேட்டுட்டேம்மா. உங்கம்மா கலர் பாத்து வாங்கினாங்கன்னு சொல்றாரு."

நான் வேறு கதை எடுத்தேன். அவன் சிரிக்கவில்லை.

"மாத்திருங்கம்மா. ஸ்கேன் படம் மாதிரி இதையும் பண்ணாதீங்க."

அம்மாவை 'ங்க' போட்டுப் பேசினால் அவனுக்குக் கோபம் என்று அர்த்தம்.

ஸ்கேன் படம் என்பது ஒரு சின்ன விஷயம். கீர்த்தனாவுக்கு ஐந்தாம் மாதத்தில் எடுத்த படத்தை எனக்கு மட்டும் என்று அனுப்பியிருந்தான். நான் ஸ்டேட்டஸில் வைத்தேன். ஒரு பாட்டும் சேர்த்தேன். குடும்பக் குரூப், கம்பெனிக் குரூப், கோயில் குரூப் எல்லாவற்றுக்கும் போயிற்று. எல்லோரும் வாழ்த்துதான் சொன்னார்கள். கீர்த்தனா மட்டும் இரண்டு நாள் அழுதாளாம். அது நடந்ததற்கும் பெட்டி அக்கா அறைக்குப் போனதற்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. சுவிட்ச் போர்டு என்றுதான் சொன்னார்கள். நானும் அதையே எழுதியிருக்கிறேன்.

மூர்த்திக்கு மூன்று மாதம் முடிந்ததும் நான் கம்பெனிக்குப் போக வேண்டியதாயிற்று. அவனுக்குச் சோறு ஊட்டினதும், தூளி ஆட்டினதும், பள்ளிக்கூடத்துக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போனதும் அக்கா. ஒருநாள் நான் வேலை விட்டு வந்தபோது, அவன் 'அம்மா' என்று பேச ஆரம்பித்துவிட்டான் என்று தெரு முழுக்கப் பேச்சு. யாரைப் பார்த்துச் சொன்னான் என்று அக்கா இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

பெட்டியைக் கடைக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டார் பாய். சாம்பல் டப்பாவை மாட்டுவதோடு, உள்ளே இருக்கிற ஹார்டு டிஸ்க்குகளுக்கு அடியில் ரப்பர் வைத்தால் கொஞ்சநஞ்ச அதிர்வும் அடங்கிவிடுமாம்.

நான் ஆட்டோ பிடித்தேன். அக்காவும் கிளம்பி வந்து பெட்டியைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். ஸ்பீட் பிரேக்கர் வந்தால் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, துண்டு விரிச்சு வெச்சுக்கங்க. மடி நனைஞ்சரப் போகுது" என்றேன்.

ஆட்டோக்காரர் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார். அக்கா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பதில் சொல்லக்கூட நான் லாயக்கில்லை போல.

பாய் மாட்டி முடித்து ஓட விட்டார். கடையே அமைதியாகிவிட்ட மாதிரி இருந்தது. அக்கா உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"நின்னுருச்சுங்களா?"

"ஓடுதும்மா" என்றார் பாய். "இதோ முன்னால லைட்டு..." என்று குனிந்தவர் நிமிர்ந்தார். லைட் இருக்கிற இடத்தில் ஆயுத பூஜைக்கு அக்கா வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்பியிருந்தன. பாய் துணியை எடுத்தார்.

"அழிச்சராதீங்க! பூஜைக்கு வெச்சது" என்று அக்கா கையை நீட்டித் தடுத்தார். பாய் துணியைக் கீழே வைத்துவிட்டார்.

நவம்பர் 20, வியாழன்

சர்க்கரை: டப்பாவில் போதுமான அளவு இருக்கிறது.

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. சுவரில் காதை வைத்துக்கூடப் பார்த்தேன். உளுந்தும் இல்லை, ஊளையும் இல்லை. இப்போது தூக்கம் வர வேண்டும் அல்லவா? வரவில்லை. முன்பெல்லாம் அந்தப் பக்கம் என்னவோ ஓடிக்கொண்டிருக்கிறது என்றாவது தெரியும். இப்போது போட்டோக்கள் எனக்குத் தெரியாமல் திருட்டுத்தனமாக வந்து அக்கா மடியில் விழுகிற மாதிரி இருக்கிறது.

அக்காவுக்குப் புதுப் பழக்கம். நான் வாசலில் தலை காட்டினால் போதும், "துளசி, பெட்டி ஓடுதா, வந்து பாரு" என்கிறார். பாலுக்குப் போகும்போது கேட்டார். துணி எடுக்கும்போது கேட்டார். தன்னிடம் இருப்பதை எத்தனை தரம்தான் காட்டுவார்? நகை வாங்கினவர்கள் கழுத்தைச் சொறிகிற மாதிரி.

"பெட்டி ஓடுது, நீங்க புடிச்சுக்கங்க, இல்லீன்னா வாசலைத் தாண்டிரும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். போய்ப் பார்க்கவில்லை.

நவம்பர் 26, புதன்

மூர்த்தி பேசினான். பத்து நாளாகப் பெட்டி நின்று நின்று ஓடுகிறதாம். போட்டோக்கள் பாதி வந்து பாதி நிற்கிறதாம். யாரோ முன்னால் இருக்கிற பட்டனை அமுக்கி நிறுத்துகிறார்களாம்.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க ஏதாச்சும் தொட்டீங்களா?"

'ங்க' போட்டுக் கேட்டான்.

நீலம் வாங்கினது நான், சரி. ஸ்டேட்டஸ் வைத்தது நான், சரி. ஆனால் சாமி சத்தியமாக அந்தப் பட்டனை நான் தொடவில்லை. தொடவில்லை என்று சொன்னேன். "செரிங்கம்மா" என்றான். நம்பவில்லை.

அக்கா ஒரு வார்த்தை எனக்காகச் சொல்லியிருக்கலாம். துளசி அப்படிச் செய்ய மாட்டாள் என்று. அவனிடம் போனில் பேசும்போதெல்லாம் "செரி கண்ணு, செரி கண்ணு" என்பதைத் தவிர வேறு எதுவும் அந்த வாயில் வராது. எனக்காக மட்டும் வந்துவிடுமா?

இனி அந்தப் பக்கம் படியேறுவதில்லை. எந்தக் குழந்தை பிறந்தாலும் சரி.

நவம்பர் 29, சனி

படியேறவில்லை.

டிசம்பர் 3, புதன். கார்த்திகை தீபம்

மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்தில் போன்.

"அம்மா, பாப்பா பொறந்துருச்சு. பொம்பளப் பாப்பா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. போட்டோ பெட்டிக்கு அனுப்பியாச்சு, ஓடுனா வந்துரும். ரெண்டு பேரும் பாருங்க."

சூப்பர்வைசரிடம் கேட்டேனா, சும்மா கிளம்பினேனா, தெரியாது. பஸ்ஸில் நின்றேனா, உட்கார்ந்தேனா, அதுவும் தெரியாது. அக்கா இந்நேரம் பார்த்திருப்பார் என்பது மட்டும் தெரியும். வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். படியேறுவதில்லை என்று எழுதின இரண்டு காலும் அக்கா வீட்டுப் படியை ஒரே தாவாகத் தாவின.

அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டிவி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். டிவியில் வெறும் நீலம். கை பெட்டியின் மேல்.

"என்ன மகாராணி, பாத்தாச்சா?"

பதில் இல்லை.

"உங்ககிட்டத்தான் கேக்கறேன். என்ற பேத்தியைப் பாத்தாச்சா?"

திரும்பக்கூட இல்லை. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இன்றைக்கு எல்லாவற்றையும் கேட்டுவிடுவது என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துத் தெருவில் யாரோ தீபத்துக்கு முன்கூட்டியே வெடி வைத்தார்கள். ஜன்னலுக்கு நேர் கீழே. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. நான் பயந்துபோய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அக்காவின் தோள் அசையவில்லை. தலை அசையவில்லை. பெட்டியின் மேல் இருந்த விரல்கூட அசையவில்லை.

நான் கதவைப் பிடித்தபடியே நின்றேன்.

என் நிழல் பட்டோ என்னவோ அக்கா திரும்பினார். "துளசி! எப்ப வந்த? வா, வா. பெட்டி ஓடுதா பாரு. பாப்பா பொறந்துருச்சாமா? போன்ல அவன் மூஞ்சி சிரிச்சுது, அதை வெச்சுத்தான் நெனச்சேன். அப்போலிருந்து இந்தப் பட்டனை அமுக்கி அமுக்கிப் பாக்கறேன். முந்தியெல்லாம் கையை வெச்சா நடுங்கும், ஓடுதுன்னு தெரியும். இப்ப ஒண்ணும் தெரியல. நின்னுருச்சுன்னு அமுக்குவேன், ஒண்ணும் தெரியாது, திருப்பியும் அமுக்குவேன்."

பட்டனை அமுக்கினது யார் என்பதை மூர்த்திக்கு இப்போதே போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். போன் என் கையில்தான் இருந்தது.

நான் முன்னால் போய் உட்கார்ந்து, அக்காவின் முகத்துக்கு நேராக, "எத்தனை நாளா?" என்று கேட்டேன். இரண்டு காதையும் தொட்டுக் காட்டினேன்.

அக்கா என் உதட்டைப் பார்த்தார். அப்புறம் கையைப் பார்த்தார். சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"மூணு வருசமாக் கொஞ்சங் கொஞ்சமா. இந்த வருசம் சுத்தமா இல்ல. பக்கத்துல மூஞ்சியப் பாத்துப் பேசுனா வெளங்கும். போன்ல பேசறது எதுவுமே வெளங்கறதில்ல துளசி. செரி கண்ணு, செரி கண்ணுன்னு சொல்லிருவேன். அவங்கிட்டச் சொல்லிராத. தெரிஞ்சா இந்தக் கெழவிகிட்ட என்னத்தப் பேசறதுன்னு உட்ருவான். போட்டோவுக்குக் காது வேண்டியதில்ல பாரு, அதான் இதைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கேன்."

எனக்கு ஒரு கிண்டல்கூட வரவில்லை.

"நீ வாசல்ல நின்னு அவங்கூடப் போன்ல பேசுவ. என்னத்தையோ சொல்லுவ, சிரிப்ப. அவனும் அக்கட்டால சிரிப்பான்னு தெரியும். நான் ஜன்னல்ல நின்னு பாப்பேன். எனக்கு அப்படியே வயிறு எரியும் துளசி. பெத்தவ கொடுத்து வெச்சவன்னு நெனப்பேன். தப்புத்தான்."

ஆயுத பூஜைச் சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். அக்கா இந்தத் தடவை தடுக்கவில்லை. உள்ளே விளக்கு அணைந்திருந்தது. பட்டனை ஒரே ஒரு தரம் அமுக்கினேன். பச்சையாக எரிந்தது. விளக்கைக் காட்டினேன். "ஓடுது" என்று உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னேன். வெளியே அகல் விளக்குகள் எண்ணெயோடு காத்திருந்தன. போட்டோ வந்து விழக் கொஞ்ச நேரம் ஆகும், அதற்குள் விளக்கு வைத்துவிட்டு வாருங்கள் என்று கையைக் காட்டினேன். அக்கா எழுந்து வாசலுக்குப் போனார்.

நானும் டிவியும் தனியாக இருந்தோம். ரிமோட் என் கையில் இருந்தது.

அக்கா வாசல் முழுக்க விளக்கு வைத்துவிட்டு, கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு உள்ளே வந்தபோது டிவியில் நீலம்தான் இருந்தது. ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன்.

"நீங்களே அமுக்குங்க்கா."

அமுக்கினார். வெள்ளைத் துணிக்குள் ஒரு சிவந்த முகம், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, உலகத்தின் மேல் ரொம்பக் கோபமாக இருந்தது.

"மூர்த்தி மூக்கு" என்றார் அக்கா.

"என்ற மூக்கு" என்றேன், முகத்தைப் பார்த்து.

"உன்ற வாய் வராம இருந்தாச் செரி" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் அழுதுகொண்டே சிரித்தார். நான் வெறுமனே சிரித்தேன் என்று எழுதிக்கொள்கிறேன்.

முதலில் பார்த்தது யார் என்று அக்கா என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

கம்பெனியில் எல்லோரும், "பேத்தி போட்டோ எங்க, ஸ்டேட்டஸ் எங்க?" என்று சுற்றி நின்றார்கள். போனில் இல்லை என்றேன். நம்பவில்லை. துளசிமணிக்கு உடம்பு சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

டிசம்பர் 6, சனி

ஜாபர் பாய் கடைக்குப் போய், நீல டப்பா இருக்கிறதா என்று கேட்டேன்.

"எதும்மா, அந்த ஊளைச் சனியனா? அது விக்காம மூலையில கெடக்குது. எதுக்கு?"

"திருப்பி மாட்டணும். அந்த ரப்பரையும் எடுத்துருங்க."

பாய் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "கடை வெச்ச நாள்லேருந்து சத்தம் வேணாம்னுதான் வந்திருக்காங்க. சத்தம் வேணும்னு வந்த மொத ஆள் நீங்கதாம்மா. சாம்பல் டப்பா எதுனாச்சும் கோளாறா?"

"ரொம்ப நல்ல டப்பா பாய். அதான் கோளாறு."

அன்றைக்கு அக்கா கையை வைத்துப் பார்த்ததை அவரும் பார்த்திருந்தார். மூலையில் கிடந்த நீல டப்பாவை எடுத்துத் தூசி தட்டினார்.

டிசம்பர் 7, ஞாயிறு

மாட்டியாயிற்று. ஊளை பழைய கம்பீரத்தோடு திரும்பிவிட்டது. அக்கா உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடினார். "ஓடுது" என்றார்.

சாயங்காலம் அக்கா பெட்டியின் ஒயரைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு வந்தார். "எனக்கு எதுக்கு துளசி, நீயே உன்ற ரூம்ல வெச்சுக்க. நீதான் பெத்தவ" என்றார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே ஒரு மாதமாக நான் ஆட்டம் போட்டது? ஒயரைக் கையில் வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் வைத்தும் இருந்தேன்.

"என்ற ரூம்ல சுவிட்ச் போர்டு வசதி இல்லீங்க்கா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பொங்கலுக்குள் காது டாக்டரிடம் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். மூர்த்திக்கு எப்போது சொல்வது என்பதை அக்காவே முடிவு செய்யட்டும்.

டிசம்பர் 10, புதன்

சர்க்கரை: கூடுதல். நேற்று அக்கா பேத்திக்காக ரவா லட்டு பிடித்தார், மூன்று தின்றேன். டாக்டரம்மா பார்த்துக்கொள்ளட்டும்.

மூர்த்தி கூப்பிட்டான். நான் இப்போதெல்லாம் வாசலில் நின்று பேசுவதில்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறேன். அவன் சொல்வதை அக்கா முகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்கிறேன், எனக்குப் பிடித்த மாதிரி கொஞ்சம் சேர்த்து. அவன் ஒரு மடங்கு சொன்னால் அக்காவுக்கு ஒன்றரை மடங்கு போகிறது. அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறார். எனக்குக் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது, ஆனால் பேச்சை நிறுத்துவதில்லை.

நடுவில் அவன் நிறுத்தினான்.

"அம்மா, பின்னால என்ன அந்தச் சத்தம்? மறுபடியும் அந்த நீல டப்பாவா?"

அக்கா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி எங்களுக்கு நடுவில் கர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே கண்ணு" என்றேன்.